ரிஜெக்‌ஷன் பாயும் பேரில்லாத ஓவியர்களும்

ஆம்பூரில் மட்டுமில்லை, ஆம்பூரிலிருந்து மேல்விஷாரம் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், ரிஜெக்‌ஷன் பாய் மாதிரிக் குறை கண்டுபிடிக்கிற இன்னொரு ஆள் கிடைக்கமாட்டார். அவருடைய சொந்தப் பெயர் கம்பெனி ரிஜிஸ்டரில் மட்டும்தான் இருந்தது. எங்கள் ஷூ கம்பெனியில் கடைசிச் சோதனை மேசை அவருடையது. பெட்டிக்குள் போகும் முன் ஒவ்வொரு ஜோடியும் அவர் கையில் ஏறி இறங்க வேண்டும். தையல் ஒரு நூல் தள்ளியிருந்தால் போதும், அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளி வைத்துவிடுவார்.

ஸ்டிக்கர் ஷூவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கேன்டீன் பரோட்டாவில் ஒட்டினார். என் சட்டையில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பட்டனில் ஒட்டினார். அதோடேயே நான் வேலூர் வரை பஸ்ஸில் போய் இறங்கினேன். ஒரு கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் ஷூ மேல் ஒட்டி வைத்திருந்தார். மாப்பிள்ளை அவர்தான்.

நான் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்க்கிற குமாஸ்தா. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது என் ஜாதகக் கோளாறு. அதனால்தான் பாயின் பைத்தியத்தில் நானும் மாட்டிக்கொண்டேன்.

கணியம்பாடிப் பக்கம் ஒரு பழைய மிஷன் பள்ளிக்கூடத்தின் நூலகத்தைக் காலி செய்தபோது, பழைய பேப்பர் கடைக்கு ஒரு மூட்டை வந்தது. இங்கிலாந்தில் அந்தக் காலத்துப் பையன்களுக்காக வந்த வாராந்தரக் கதைப் பத்திரிகைகள். அட்டையில் ஒரு பையன் பந்தை உதைப்பான், இல்லாவிட்டால் திருடனைத் துரத்துவான். பாய்க்குக் கதையில் அக்கறை இல்லை. மேலே கிடந்த அட்டையில் பையனின் பூட்ஸைப் பார்த்தார். மூட்டையையே வாங்கி வந்துவிட்டார்.

"இத்த வரஞ்சவன் பூட்ஸைக் கையில எடுத்துப் பாத்துருக்கான் சார். யாருன்னு பாத்துச் சொல்லுங்க," என்றார்.

புரட்டிப் பார்த்தேன். அட்டையில் கையெழுத்து இல்லை, உள்ளேயும் பெயர் இல்லை. ஓவியர் பெயரைப் போடுகிற வழக்கமே அந்தப் பத்திரிகைக்காரர்களுக்குக் கிடையாதாம். பாய்க்கு வந்ததே கோபம். ஒரு தையல் கோணினால்கூட எந்த லைன், எந்த மெஷின் என்று ஆளைக் கண்டுபிடிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவர் அவர். இவ்வளவு சுத்தமாக வேலை செய்தவனுக்குப் பேர் இல்லையா என்று மத்தியானச் சாப்பாடு முழுக்கப் புலம்பினார்.

மறுநாளே அட்டைகளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, இடைவேளையில் சோதனை மேசையில் பரப்பிவிட்டார். முகம், வானம், குதிரை எதையும் பார்க்கமாட்டார். பூட்ஸ் மட்டும். கயிறு கோக்க எட்டுத் துளை போடுகிறவன் ஒரு கட்டு. விரல் மடங்கும் இடத்தில் சரியாகச் சுருக்கம் போடுகிறவன் இன்னொரு கட்டு. முகத்தை அழகாக வரைந்துவிட்டுக் காலைப் புல்லுக்குள் ஒளிக்கிற சோம்பேறி ஒரு கட்டு. குதிகாலை நேராகப் போடத் தெரியாதவனுக்கு உறை மேல் அம்புக்குறி ஒட்டி, ரிஜெக்‌ஷன் கட்டு. அந்த நேரம் பார்த்து ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்துவிட்டார். பாய் ஓர் அட்டையைக் காட்டி, உங்கள் ஆர்டரைவிட இதில் தையல் சுத்தம் என்று என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். வணக்கம் சொல்கிறார் என்று மொழிபெயர்த்தேன்.

இந்தப் பத்திரிகைகளைச் சேர்க்கிற வெள்ளைக்காரப் பெரியவர்கள் குழு ஒன்று இணையத்தில் இருந்தது. பாய் சொல்லச் சொல்ல அதில் நான் எழுதுவேன். இரண்டு ஓவியர்கள் என்று அவர்கள் வருஷக்கணக்காக நம்பிய அட்டைகளை, ஒரே கை என்றார் பாய். சிரித்தார்கள். சில மாதம் கழித்து அவற்றில் இரண்டுக்கு மூல ஓவியங்கள் கிடைத்தன. இரண்டின் பின்பக்கமும் ஒரே பெயர். அதற்குப் பிறகு பாய் சொன்னால் அங்கே மறுபேச்சு இல்லை.

அதைக் கேள்விப்பட்டு ஓர் அம்மாள் எழுதினார். எண்பதைத் தாண்டியவர். அப்பா இந்தப் பத்திரிகைகளுக்கு அட்டை வரைந்ததாகச் சொல்வாராம். ஆதாரம் கிடையாது. கொள்ளுத்தாத்தா அளந்த கதை என்று பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். அப்பா வரைந்தது என்று வீட்டுச் சுவரில் வெகுநாளாக மாட்டியிருந்த ஓர் அட்டையையும், அப்பாவின் பென்சில் நோட்டிலிருந்து நாலு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பியிருந்தார். சீக்கிரமே முதியோர் இல்லத்துக்குப் போகிறேன், அதற்குள் உண்மை தெரிந்தால் நிம்மதி என்று முடித்திருந்தார்.

பாய் லென்ஸ் வைத்துப் பார்த்தார். சுவரில் இருந்தது எட்டுத் துளைக்காரன் வேலை. நோட்டில் இருக்கிற பூட்ஸுக்கோ குதிகாலே கோணல் என்றார். வயசான அம்மா, ஆமாம் என்று எழுதிவிடலாம், என்ன குறைந்துவிடும் என்றேன்.

"இல்லன்னா அவங்க அப்பா பொய்க்காரர் ஆயிடுவாரு. ஆமான்னா நான் பொய்க்காரன். பேஜாரா போச்சு சார்," என்றார்.

மூன்று நாள் பதில் போடவில்லை. யாருடைய சாப்பாட்டிலும் குறை சொல்லவில்லை. எனக்கே கவலையாகிவிட்டது.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து நேராக என் மேசைக்கு வந்தவர், செருப்பைக் கழற்றுங்க என்றார். கழற்றினேன். திருப்பிப் பார்த்தார். வலது குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது.

பள்ளிவாசலில் தன் செருப்பைத் தேடும்போது ஊர் செருப்பையெல்லாம் பார்த்திருக்கிறார். ஒன்றுகூட நேராக இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் தேய்ந்திருந்ததாம். முப்பது வருஷமாக, யாரும் இன்னும் காலில் போடாத ஷூவையே பார்த்த கண் அது. கோணலான குதிகால் என்றாலே குறை என்று முடிவு கட்டிவிட்டது.

"அவரு தப்பா வரையல சார். தேஞ்ச பூட்ஸைத் தேஞ்சாப்லயே வரஞ்சுருக்காரு. நான்தான் தூக்கி ரிஜெக்‌ஷன்ல போட்டுட்டேன்."

அந்தக் கட்டைப் பிரித்தோம். ஒன்பது அட்டைகள். ஒன்பதிலும் இடது பூட்ஸின் குதிகால் உள்பக்கமாகத் தேய்ந்திருந்தது. பென்சில் நோட்டிலும் அச்சு அசலாக அப்படியே. ஒட்டிய அம்புக்குறிகளை நகத்தால் ஒவ்வொன்றாக உரித்தார். ஒட்டினதை அவர் உரித்து அன்றுதான் பார்த்தேன்.

சுவரில் இருப்பது உங்கள் அப்பா வரைந்ததல்ல, ஆனால் இந்த ஒன்பதும் அவருடையவை, நான் தவறாக ஒதுக்கி வைத்திருந்தேன் என்று எழுதச் சொன்னார். மன்னிப்பை இரண்டு இடத்தில் போட வைத்தார். ஒன்பது அட்டைகளையும் படமெடுத்துக் கூடவே அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. பாய்க்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"சின்ன வயதில் என் இடது கால் கோணல். சாய்த்துச் சாய்த்துத்தான் நடப்பேன். சாயங்காலம் அப்பா என் பூட்ஸைக் கழற்றித் தன் மேசை மேல் வைத்துக்கொள்வார். எதற்கு என்று நான் கேட்டதில்லை. இந்த ஒன்பது பையன்களும் என் பூட்ஸில்தான் ஓடுகிறார்கள். நான் ஒருநாளும் ஓடியதில்லை."

இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அந்தம்மாவுக்கு இப்ப கால் எப்டி இருக்குதாம்? கேட்டு எழுதுங்க சார்," என்றார்.

எழுதினேன். எனக்கு அந்த மனுஷரை ரொம்பப் பிடிக்கும். அவரிடம்தான் இன்னும் சொல்லவில்லை.