பின்நடைக்குப் பொறுப்பாளி

ஸைனப் விழவில்லை. விழப் பார்த்தாள், அவ்வளவுதான். இடுப்பிலிருந்த தண்ணீர்க் குடம்தான் அவளுக்குப் பதிலாக விழுந்து, வீட்டுப் பின்பக்கப் பாதையான பின்நடை முழுக்க உருண்டு, அடுத்த வீட்டுக் கதவில் மோதி நின்றது. அவள் சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வயிற்றில் ஏழு மாதம்.

முன்பக்கக் கடையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் இத்ரூஸ் சத்தம் கேட்டு ஓடி வந்தான்.

"என்ன புள்ள, விழுந்துட்டியா?"

"விழல. கால் போச்சு, கை பிடிச்சிருச்சு."

"வலிக்குதா?"

"இப்ப வலிக்கல. இன்னொரு தரம் வழுக்கினா என்னாகும்னு நினைச்சாத்தான் பயமா இருக்கு."

மருத்துவிச்சி ரஹ்மத்தும்மா வந்து வயிற்றைத் தடவிப் பார்த்து, பிள்ளை நல்லபடியாக இருக்கிறது என்றாள். போகும்போது இத்ரூஸைத் தனியே கூப்பிட்டாள்.

"இந்த முறை அல்லாஹ் காப்பாத்தினான். இந்த நடையை ஒழுங்கு பண்ணாட்டி அடுத்த முறை என்னைக் கூப்பிடாதீங்க. நானே இங்க சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வாறேன்."

இத்ரூஸுக்கு அன்று ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

ரயில் இன்னும் பதுளைக்கு வராமல் பண்டாரவளையோடு நின்றிருந்த காலம் அது. பதுளைக் கடைவீதியில் ஸஹாப்தீன் ஹாஜியாருக்குச் சொந்தமாக ஒரு கடை வரிசை இருந்தது. முன்னால் கடை, பின்னால் குடும்பம். பின்பக்கத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் சேர்த்து நீளமாக ஒரே நடை. அதன் கோடியில் கிணறு. கூரைத் தண்ணீரைப் பிடித்து வடிக்கப் பீலி கிடையாது. மழை பெய்தால் கூரைத் தண்ணீர் நடையில் விழும். பெய்யாவிட்டால் குடத்துத் தண்ணீர் சிந்தும். எப்படியும் பாசிக்குக் குறைவில்லை. அந்த ஐப்பசியில் பதுளை மழைக்கு வேறு வேலையும் இருக்கவில்லை.

அது பெண்கள் புழங்கும் இடம். ஆண்கள் அங்கே போவதென்றால் இருமிக்கொண்டே போக வேண்டும். இருமல் கேட்டதும் பெண்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஹாஜியார் மரியாதை தெரிந்தவர். கட்டிய நாளிலிருந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. மாதம் பிறந்தால் குடையும் கையுமாக முன்பக்கம் வருவார். ஒவ்வொரு கடையாக ஏறி ஸலாம் சொல்லி, பிள்ளைகளின் சுகம் விசாரித்து, வாடகையை வாங்கிக்கொண்டு போவார். யாரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னவர் இல்லை. ஒரு காசு செலவழித்தவரும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் இத்ரூஸ் அவரைப் பிடித்தான்.

"ஹாஜியார், பின்நடை ரொம்ப வழுக்குது. ஏழு மாசப் புள்ளைத்தாச்சி, என் பொஞ்சாதியே விழப் பார்த்தா. கல்லு பதிச்சுத் தந்தீங்கன்னா..."

"மகன், நான் உங்களுக்கு வாடகைக்குத் தந்தது என்ன?"

"கடையும் ரெண்டு அறையும்."

"கூரை ஒழுகுதா?"

"இல்ல."

"கதவு சாத்துதா?"

"சாத்துது."

"அப்ப என் பொறுப்பு முடிஞ்சுது. நடை உங்களுக்கு மட்டுமா? எல்லாருக்கும் பொது. பொதுவானதுக்கு ஒரு ஆளைப் பொறுப்பாக்குறது நியாயமா, சொல்லுங்க பார்ப்போம்?"

மிக அன்பாகச் சொல்லி, தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

பொதுவென்றால் எல்லாரையும் கேட்போம் என்று இத்ரூஸ் பக்கத்துக் கடைக் காமிலிடம் போனான். காமிலுக்கு ரொட்டிக்கடை. இத்ரூஸை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவான்.

"நடை ஹாஜியாரோட சொத்து, நானா. அடுத்தவர் சொத்துல கேக்காம கை வைக்கிறது பாவம்," என்றான் காமில். மார்க்க விஷயத்தில் அவனுக்கு அவ்வளவு பயம் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

ஆக, நடக்கும்போது எல்லாருடையதாக இருந்த நடை, பழுதுபார்க்கும்போது ஒருவருடையதாகவும் இல்லை. இத்ரூஸ் மண்வெட்டியை எடுத்து இருமிக்கொண்டே இறங்கினான்.

பாசியைச் சுரண்டினான். பாசியோடு பழைய சுண்ணாம்புப் பூச்சும் பெயர்ந்து வந்தது. அடியில் இருந்தது செம்மண். அந்தி மழையில் அது களியாகிவிட்டது.

மறுநாள் காமில் ரொட்டி சுடும் போறணையிலிருந்து சாம்பல் வாங்கி வந்து களியின்மேல் தூவினான். காய்ந்திருந்த வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. மழை விழுந்ததும் சாம்பலும் களியும் சேர்ந்து குழைந்தன. காமிலின் மனைவி ஜெனீரா கிணற்றடியிலிருந்து நிறைகுடத்தோடு வந்தவள், வெறும் வளையலோடு வீடு போய்ச் சேர்ந்தாள். மண்குடம் சுக்குநூறு.

காமில் மாவுக் கையோடு தையல்கடை ஏறினான்.

"நானா, உங்க நடையில என் பொஞ்சாதி விழுந்துட்டா."

"என் நடையா?"

"கை வச்சது நீங்கதானே? முந்தி எங்க கால் வைக்கணும், எங்க வைக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். அது பழகின பாசி. இப்ப எந்த இடத்துல வழுக்கும்னு ஒருத்தருக்கும் தெரியல."

"நல்லது செய்யப் போய்த்தானே தம்பி..."

"குடம் யாரு தாறது?"

இத்ரூஸ் குடம் வாங்கிக் கொடுத்தான். கொடுத்ததுதான் தப்பு. அதற்குப் பிறகு வரிசையில் யார் வழுக்கினாலும், எது உடைந்தாலும், வழக்கு தையல்கடைக்கு வந்தது. பெண்கள் பேச்சில் அது 'இத்ரூஸ் நானாட நடை' ஆகிவிட்டது. துணிக்கடையில் கெஞ்சி வாங்கி வந்த பெட்டிப் பலகைகளை நடையில் போட்டுப் பார்த்தான். ஒரு முனையை மிதித்தால் மறுமுனை எழுந்து எதிரே வருபவரின் முழங்காலைப் பதம் பார்த்தது.

கடைசியில், "நீ கிணத்தடிக்கே போகாத. நானே தண்ணி கொண்டு வாறேன்," என்று மனைவியிடம் சொல்லிவிட்டான்.

சொன்னபடியே செய்தான். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, எல்லாவற்றுக்கும் இத்ரூஸே குடத்தோடு போனான். போகும்போது இருமினான், வரும்போது இருமினான். அவன் இருமும்போதெல்லாம் மற்றப் பெண்கள் பாதித் துணியை ஊறப் போட்டுவிட்டு உள்ளே ஓட வேண்டியிருந்தது. அவர்கள் திட்டியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் விடிந்ததிலிருந்து கடைக்குப் பின்னால் இருமல் கேட்டுக்கொண்டே இருந்ததால், தையல்காரனுக்குச் சயரோகம் என்று கடைவீதியில் பேச்சாகிவிட்டது. தைக்கக் கொடுத்தவர்கள் துணியை வெட்டாமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

"போதும், நானே தண்ணி எடுக்குறேன்," என்றாள் ஸைனப். "நீங்க இருமினது போதும்."

"விழுந்துட்டா?"

"சம்பாத்தியம் இல்லாம கடை படுத்துட்டா புள்ளைக்கு என்னத்தக் குடுக்குறது?"

இத்ரூஸுக்கு அழுகை வந்தது. அன்றே மறுபடியும் ஹாஜியாரிடம் ஓடினான்.

"உங்க கண்ணால ஒரு தரம் வந்து பாருங்க. பார்த்துட்டு என்ன சொன்னாலும் கேட்டுக்குறேன்."

ஹாஜியார் யோசித்தார். "பார்க்காம பேசுறது தப்புதான். நாளைக்கு வாறேன்," என்றார்.

மறுநாள் மழை பெய்யவில்லை. ஹாஜியார் வருகிறார் என்று தெரிந்ததால் காலையிலிருந்து ஒரு பெண்ணும் கிணற்றடிப் பக்கம் போகவில்லை. அதோடு விட்டார்களா? பலகைகளை அள்ளி ஓரமாக அடுக்கி, நடையைப் பெருக்கி, எங்கிருந்தோ மணல் கொண்டுவந்து பரப்பி, ஈரம் இருந்த இடத்தைப் பழந்துணியால் ஒற்றியும் எடுத்திருந்தார்கள். இத்ரூஸ் கடையில் இருந்ததால் இது எதுவும் அவனுக்குத் தெரியாது.

ஹாஜியார் பெரிதாக இருமிவிட்டு இறங்கினார். கிணறு வரை நடந்தார். திரும்பி நடந்தார். குடை முனையால் தரையைத் தட்டிப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ். என் வீட்டு வாசல்கூட இவ்வளவு நல்லா இல்ல, மகன். வயித்துப் புள்ளைக்காரிக்குத் தலை சுத்தும், அதான் தடுமாறியிருப்பா. முருங்கைக்கீரை குடுங்க."

அவர் போனதும் இத்ரூஸ் மனைவியிடம் பாய்ந்தான்.

"யாரு துடைக்கச் சொன்னது?"

"பெரிய மனுசர் வாற இடத்தை அப்படியே விடுறதா? நம்மளப் பத்தி என்ன நினைப்பாரு?"

"அப்படியே இருக்குறதைக் காட்டத்தானே அவரைக் கூட்டிட்டு வந்தேன்!"

"அசிங்கத்தைக் காட்டவா ஒரு மனுசரைக் கூப்பிடுவாங்க?"

இத்ரூஸுக்கு ஒன்று புரிந்தது. ஹாஜியாரிடம் முன்கூட்டிச் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

மாதம் பிறந்தது. வாடகை நாளன்று பிடித்த மழை விடவேயில்லை. இத்ரூஸ் விடியற்காலையிலேயே விளக்குமாறுகளையெல்லாம் எடுத்து வெட்டு மேசைக்கு அடியில் ஒளித்துவைத்தான். அது போதாதென்று தோன்றியதால், கூரைத் தண்ணீர் விழாத சுவரோரத்தில் தன் கையாலேயே ஒரு குடம் தண்ணீரும் ஊற்றினான். ஹாஜியார் கொஞ்சம் தடுமாற வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. விழ வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. அதைப் பிறகு பலமுறை சத்தியம் செய்து சொன்னான்.

ஹாஜியார் வந்து வாடகையை வாங்கிக்கொண்டார்.

"ஹாஜியார், பின்சுவர் ஊறுது."

"என்னது, சுவரா?" சுவர் அவர் பொறுப்பு. முகம் மாறிவிட்டது. "எங்க, காட்டுங்க!"

இருமக்கூட மறந்து வேகமாகப் பின்பக்கம் இறங்கினார். பெண்கள் அவசரமாகக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. ஹாஜியார் முதல் அடியை நடையில் வைத்தார். இரண்டாவது அடியை அவர் வைக்கவில்லை, நடையே வைத்தது. குடை ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். அவர் உட்கார்ந்தபடியே காமில் வீட்டு வாசல் வரை போய் நின்றார். ஏதோவொரு கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள்.

ஹாஜியார் எழப் பார்த்தார், முடியவில்லை.

"இத்ரூஸ்," என்றார் ஹாஜியார், வானத்தைப் பார்த்துக்கொண்டு. "வழுக்குது."

"அதைத்தான் ஹாஜியார் சொல்லிட்டு இருந்தேன்."

இத்ரூஸும் காமிலும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி, மாட்டுவண்டி பிடித்து அவரை வீட்டில் சேர்த்தார்கள். எலும்பு முறியவில்லை, இடுப்புப் பிடித்துக்கொண்டது. வீடு திரும்பிய இத்ரூஸ் சோற்றைத் தள்ளிவைத்தான்.

"கடையைக் காலி பண்ணுன்னு சொல்லிட்டாருன்னா?" என்றான்.

ஸைனப் அவனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, "இந்த நிலைமையில எங்க போறது?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

சில நாள் கழித்து, சுகம் விசாரிக்கப் போன காமில் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"நானா! ஹாஜியார் கல்லுக்குச் சொல்லிட்டாரு!"

"கோவமா இருக்காரா?"

"கோவமா? கண் கலங்கிட்டாரு. 'விழுந்து பார்த்தாத்தான் காமில் வலி தெரியுது. நம்ம இடத்துல நடக்குற ஆள் வழுக்கி விழுந்தா நாமதான் பொறுப்பு. மறுமையில கேள்வி வரும்'னாரு. நல்ல கொத்தின கருங்கல்லா, ஒரு வண்டி நிறைய நாளைக்கே வருதாம்."

இத்ரூஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். கதவுக்குப் பின்னால் ஸைனப் வாய்விட்டு, "அல்ஹம்துலில்லாஹ்," என்றாள்.

அன்றைக்கு வரிசையில் பெருநாள் மாதிரி இருந்தது. காமில் சும்மாவே ஒரு தட்டு ரொட்டி அனுப்பினான். சயரோகக்காரனிடம் ஒரு சட்டைகூட அளவு கொடுத்தான். கல் வந்ததும் பதிப்பதற்கு வசதியாக இரண்டு பேரும் சேர்ந்து நடையின் களிமண்ணை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி எடுத்துவிட்டார்கள். இரவு மழையில் அது வாய்க்காலாகிவிட்டது. ஒரு நாள்தானே என்று எல்லாரும் சுவரோடு ஒட்டி ஒட்டிப் போய்வந்தார்கள். பீலி இல்லாததைப் பற்றிக்கூட ஹாஜியாரிடம் சொல்லிவிட வேண்டியதுதான் என்றாள் ஜெனீரா.

மறுநாள் காலை கல்வண்டி வந்தது. நேராகக் கடை வரிசைக்கு முன்னால் வந்து நின்றது. எல்லாம் பளிங்கு மாதிரி மழமழப்பாக இல்லாமல், கால் பிடிக்கும்படி கொத்திய கருங்கல் பலகைகள். இத்ரூஸ் ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்தான். இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காமிலைக் கூப்பிட்டான். இரண்டு பேருமாக முதல் கல்லைத் தூக்கினார்கள். ஸைனப் கதவிடுக்கு வழியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வண்டிக்காரர் அஸீஸ் பதறிப்போய்க் கீழே குதித்தார்.

"ஐயோ, இறக்காதீங்க நானா! மாட்டுக்குத் தண்ணி காட்டத்தான் நிறுத்தினேன், இது ஹாஜியார் வீட்டு வாசலுக்குப் போற கல்லு. இனி வாடகை வாங்க அவரு இங்க வரமாட்டாராம், மாசாமாசம் நீங்கதான் அங்க கொண்டுவந்து குடுக்கணுமாம். குடுக்க வாற இடத்துல நீங்க வழுக்கி விழுந்தா அவருதானே பொறுப்பு!"