வாசலுக்கு இன்னொரு விளக்கு

"சுவிட்சைப் போட்டியா?" ஏணி மேல் நின்றபடி ஞானசேகரன் கத்தினார்.

"போட்டுட்டேன்!" உள்ளேயிருந்து முத்தம்மாவின் குரல் வந்தது.

"லைட்டு எரியலையே?"

"காலிங் பெல் அடிக்குது, கேக்கலையா?"

அடித்துக்கொண்டுதான் இருந்தது. குருவி கத்துகிற மாதிரி பெல். பெங்களூர் மர்பி டவுனின் அந்தக் குறுகலான சந்தில், பக்கத்து வீட்டு எல்லம்மா விருந்தாளி யாரென்று எட்டிப் பார்த்தாள். ஏணியில் கையில் ஒயரோடு நின்றவரைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

ஞானசேகரன் பீன்யாவில் ஒரு பம்ப் கம்பெனியின் ஸ்டோர்ஸைக் கட்டி ஆண்டவர். கம்பெனி வி.ஆர்.எஸ். கொடுத்ததும் ரோஜா மாலையும் சுவர்க் கடிகாரமுமாக வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலையிலேயே சமையலறைக்குள் நுழைந்துவிட்டார்.

"புளி ஸ்லோ மூவிங் ஐட்டம். அதை எதுக்குக் கைக்கு எட்டுற இடத்துல வெச்சிருக்கே?"

புளி பரணுக்குப் போனது. தூள் வகையெல்லாம் ஒரே வரிசை என்று சட்டம் போட்டார். அடுத்த நாள் காபியில் மல்லித்தூள் மணந்தது. கடுகு தாளிக்கும்போது முதுகுக்குப் பின்னால் நின்று "தீயைக் குறை" என்பார். குறைத்தால், "ஏன் குறைச்சே?" என்பார். ஒரு குழம்புக்கு எதற்கு இரண்டு கரண்டி என்று கேட்டு, ஒன்றைப் பூட்டியே வைத்துவிட்டார்.

அப்போதுதான் முத்தம்மா அந்தப் பேச்சை எடுத்தாள். "ஏங்க, கேட்டாண்ட ஒரே இருட்டா கீது. இன்னொரு லைட்டு போடுங்களேன். ஆளுங்கீளு வாணாம், உங்களாலயே முடியும்."

உங்களாலயே முடியும்! கம்பெனியில் இத்தனை வருஷம் ஒருத்தன்கூட அவரிடம் சொல்லாத வார்த்தை. ஞானசேகரன் அன்று சாயங்காலமே ஏணி வாங்கிவிட்டார்.

பெல்லின் வாயை அடைக்க ஒயரை மாற்றினார். பெல் அடங்கியது, கேட் லைட்டும் எரிந்தது. ஆனால் பாத்ரூம் லைட் எரிந்தால்தான் இதுவும் எரிந்தது. பாத்ரூமை அணைத்தால் வாசலும் அணைந்தது. இது சந்துக்கெல்லாம் தெரிந்து போயிற்று. சாயங்காலம் வேலையிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள் சாக்கடை ஓரத்தில் நின்று குரல் கொடுத்தார்கள்.

"ஞானண்ணே! யாரையாச்சும் கொஞ்சம் பாத்ரூமுக்கு அனுப்புங்க!"

அவமானம் தாங்காமல் ஒருநாள் பூராவும் உட்கார்ந்து அதைப் பிரித்துச் சரி செய்தார். சாயங்காலம் ஜம்மென்று எரிந்தது. மறுநாள் சுவிட்சைப் போட்டால் மூச்சே இல்லை. ஏணியில் ஏறிப் பார்த்தார். ஒயர் துண்டாகிக் கிடந்தது.

"எலி," என்றார்.

"எலியாத்தான் இருக்கும்," என்றாள் முத்தம்மா.

எலிக்குப் பயந்து ஒயரையெல்லாம் குழாய்க்குள் நுழைத்தார். குழாய் வைக்கச் சுவரைத் துளைத்தபோது தண்ணீர்ப் பைப்பும் துளைபட்டது. வாசலில் ஊற்று கிளம்பி, எல்லம்மா இரண்டு குடம் பிடித்துக்கொண்டாள். அதையும் அடைத்து லைட்டை எரிய வைத்தார். மறுநாள் ஹோல்டரிலிருந்தே ஒயர் கழன்று தொங்கியது.

வேறு வழியில்லாமல் விவேக் நகர் டெஸ்மண்டைக் கூப்பிட்டார். கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஆள். அங்கே அவன் செய்தது பெயின்ட் அடிக்கிற வேலை என்பதை மட்டும் வெளியே சொல்லமாட்டான்.

முதலில் அறுந்த ஒயரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "என்ன மேன், உங்க ஏரியா எலி கத்தரிக்கோல் வெச்சிருக்கா? என்னா நீட்டா வெட்டியிருக்கு!"

டீ கொண்டுவந்த முத்தம்மா, "இந்தப் பக்கம் பெருச்சாளிக்குப் பல்லு ரொம்ப ஷார்ப்புங்க," என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனாள்.

"டூ வே சுவிட்ச் போடலாம் மேன். உள்ள ஒண்ணு, கேட்டுகிட்ட ஒண்ணு. எங்கேர்ந்து வேணா போடலாம், எங்கேர்ந்து வேணா அணைக்கலாம்."

டெஸ்மண்ட் போட்ட சுவிட்சை இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் விளக்கு எரிந்தது. ஞானசேகரன் கேட்டிலும் முத்தம்மா உள்ளேயும் நின்று "ரெடி? ஒன், டூ, த்ரீ!" என்று கத்தவேண்டியிருந்தது. அதை வேடிக்கை பார்க்கவே ஒரு கூட்டம் சேர்ந்தது. எல்லம்மா தினமும் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "இன்னா அண்ணே, ஆயித்தா? முடிஞ்சுதா?" என்பாள். பாவம், அக்கறையான பெண் என்று நினைத்துக்கொள்வார்.

கடைசியில் மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார். கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டு, மெயின் போர்டிலிருந்து புது ஒயர், புது ஹோல்டர், புது சுவிட்ச் என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுவிட்சைப் போட்டார். பழைய விளக்கும் எரிந்தது, புது விளக்கும் எரிந்தது. பெல் அடிக்கவில்லை. பாத்ரூம் தன் பாட்டுக்கு இருட்டாக இருந்தது. சாக்கடையில் மிதந்த பால் கவர்கூடப் பளிச்சென்று தெரிந்தது.

சந்தில் நின்றிருந்தவர்கள் கை தட்டினார்கள். முத்தம்மா மட்டும் கை தட்டவில்லை. கண் கலங்கியிருந்தது. பெருமையில் கலங்குகிறாள் என்று ஞானசேகரன் நினைத்துக்கொண்டார்.

"அழாதே முத்தம்மா. இந்த வேலை முடிஞ்சுது. நாளையிலேர்ந்து நான் ஃப்ரீ. கிச்சன்ல பாதி அப்படியே நிக்குது இல்ல, அதை எடுத்துக்கறேன்."

முத்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கூட்டம் கலைந்த கொஞ்ச நேரத்தில் ஏரியா பூராவும் கரண்ட் போயிற்று. ஞானசேகரன் கவலைப்படவில்லை. போனது ஊர்க் கரண்ட், தன் ஒயர் இல்லை. வந்ததும் தன் விளக்கு எரிகிற அழகைப் பார்க்கவேண்டுமென்று வாசற்படியிலேயே உட்கார்ந்தார். பெங்களூர்த் தூறல் பிடித்துக்கொண்டது. கொடியில் கிடந்த முத்தம்மாவின் சால்வையை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டார்.

இருட்டில் யாரோ மெல்லக் கேட்டைத் திறந்து வந்து, அவர் பக்கத்தில் குனிந்தார்கள். எல்லம்மாவின் குரல் காதோரம் கிசுகிசுத்தது:

"அக்கா, அண்ணன் இந்தத் தபா நல்லாவே மாட்டிட்டாரே! கரண்ட் வர்றதுக்குள்ள சொல்லு, எந்த ஒயரைப் பிடுங்கட்டும்?"