ஒரே தானில் தைத்த பையன்

"நேத்து உங்க பையன் இதைவிட உயரமா இருந்தானே, தம்பி?"

மாடி வாசலில் வீட்டுக்காரம்மா நின்றிருந்தார். பக்கத்தில் தண்ணீர் வாளியோடு ஒரு பையன். நேற்றுக் கீழ்க் குழாய்க்குப் போனவன் மூத்த பையன். இன்று போனவன் மூன்றாமவன்.

பையனின் அப்பாவான கிடங்கு அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெயில்ல கொஞ்சம் வாடிட்டான்மா."

"வாடினா உயரமா குறையும்?"

"எங்க வம்சத்துல குறையும்."

உள்ளே அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. அதையும் அவர் ஈ அடித்த சத்தம் என்று சொல்லிச் சமாளித்தார்.

மாற்றல் உத்தரவு அவர்களை மாநிலம் விட்டு மாநிலம் தூக்கிப் போட்டிருந்தது. அதுவும் நடுக்கோடையில். வீடு தேடிப் போன இடமெல்லாம் ஒரே கேள்வி: "எத்தனை பசங்க?" அவர் "அஞ்சு" என்பார். சொல் வெளியே வருவதற்குள் கதவு மூடிக்கொள்ளும். கடைசியாக இந்த மாடி கிடைத்தது. தண்ணீர்த் தொட்டி சின்னது, இரண்டு பிள்ளைகளுக்கு மேல் தாங்காது என்று வீட்டுக்காரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்.

"ஒரு பொண்ணு, ஒரு பையன்," என்றார் கிடங்கு அதிகாரி.

சுத்தப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஒரு பையன் இருக்கத்தான் செய்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள், அவ்வளவுதான். சாமான் இறங்கிய அன்று அந்த மூன்று பேரும் ஒரு மெத்தைக்குப் பின்னால் ஒளிந்து மாடியேறினார்கள். மெத்தைக்கு ஆறு கால்கள் முளைத்திருந்ததைத் தெருவில் யாரும் கவனிக்கவில்லை என்பது அவர் நம்பிக்கை.

கிடங்கில் ஒரு பெட்டி குறைந்தால் சோறு இறங்காத மனிதர் அவர்.

"அப்பா, கிடங்குல நாலு பெட்டியை ஒரு பெட்டின்னு ஒருத்தர் கணக்குக் காட்டினா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் மகள்.

"வேலையை விட்டே தூக்கிடுவேன்."

"சரி, தூக்குங்க."

ஐந்து பேரில் அவள் ஒருத்திதான் சட்டப்படி குடியிருந்தாள். அந்தத் திமிர் அவளுக்கு இருந்தது.

திட்டம் எளிமையானது. அவர் மனைவிக்குத் துணியை மீட்டர் கணக்கில் இல்லாமல் முழுச் சுருளாக, ஒரே தானாக எடுத்தால்தான் கட்டுப்படியாகும். நான்கு பையன்களுக்கும் ஒரே நீலக் கட்டம் போட்ட சட்டை. முடி வெட்டுவது அவர். ஆகவே நான்கு தலையும் ஒரே அலங்கோலம். மூக்கு அப்பாவுடையது. ஒரு நேரத்தில் ஒருவன் மட்டும் வெளியே தெரிந்தால் போதும், எல்லாரும் ஒருவன்தான். உயரம் என்று ஒன்று இருப்பதை மட்டும் அவர் மறந்துவிட்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். ஆனால் பூசணிக்காய் குதிக்காது. பள்ளி திறக்க இன்னும் நாள் இருந்தது. சன்னல்களைச் சாத்தி, ஈரத் துணி தொங்கவிட்ட அறைக்குள் நான்கு பையன்கள் வெந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் நடந்தால் மற்றவர்கள் உட்கார வேண்டும். ஒருவன் தும்மினால் மற்றவர்கள் அடக்கிக்கொள்ள வேண்டும். எல்லாருக்கும் சேர்த்து ஒருவன்தான் அழலாம்.

"பையன் ஒரே சமயத்துல ரெண்டு ரூம்லயும் ஓடறானே, தம்பி?" என்று ஒருமுறை கீழேயிருந்து குரல் வந்தது.

"துறுதுறுன்னு இருப்பான்மா!"

உயரம் குறைந்த அன்று சாயங்காலமே வீட்டுக்காரம்மா ஒரு பாட்டிலோடு மேலே வந்தார்.

"டானிக். நானே காய்ச்சறது. எத்தனையோ வருஷமாக் காய்ச்சறேன், இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் அருமை தெரியலை. பையனைக் கூப்பிடுங்க."

மூன்றாமவன் வந்தான். கரும்பச்சையாக ஏதோ கரண்டியில் வழிந்தது. பழைய ஷூவை வேகவைத்த வாசனை. பையன் குடித்தான். அவன் கண்கள் சற்று நேரம் தனித்தனியாகச் சுழன்றன.

"தினமும் காலைல கீழ அனுப்புங்க. என் கையாலதான் கொடுப்பேன்."

மறுநாள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு குட்டைப் பையனை அனுப்புவது? கிடங்கு அதிகாரி மூத்தவனை அனுப்பினார். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக் காப்பியைக் கையில் எடுத்தார். கீழே ஒரு அலறல் கேட்டது.

"ஒரே ராத்திரியில! ஒரே ராத்திரியில இத்தனை வளர்ந்துட்டானே!"

வீட்டுக்காரம்மா பையனை மாடிப்படிச் சுவரோடு சாய்த்து, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டார். அவர் கண்ணில் நீர் நின்றது. காலமெல்லாம் யாரும் மதிக்காத மருந்து இன்று ஒரு குழந்தையை வளர்த்துக் காட்டிவிட்டது.

"இனிமே பெரியவனே போகட்டும்," என்று முடிவு செய்தார் கிடங்கு அதிகாரி.

பெரியவன் சில நாள் போனான். பிறகு தரையில் படுத்துவிட்டான்.

"சட்டை நாலு பேருக்கும் ஒண்ணு. பேரும் கீழ ஒண்ணு. மருந்து மட்டும் எனக்கா? நான் மாட்டேன்!"

"என் கண்ணுல்ல, ஒரு கரண்டிதானேடா."

"அப்ப நீங்க குடிங்க."

நியாயம் அவன் பக்கம் இருந்தது. அடுத்த நாள் இரண்டாமவன் போனான். சுவரில் கோடு காத்திருந்தது. தலை கோட்டை எட்டவில்லை.

"இறங்கிட்டானே!" வீட்டுக்காரம்மா பதறினார். "ஒரு கரண்டி பத்தலை. இனிமே ரெண்டு."

இரண்டு கரண்டி என்றதும் நான்கு பேருமே படுத்துவிட்டார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் கடைக்குட்டி மாட்டினான். அவன் கோட்டுக்கு அருகில்கூட இல்லை. கிடங்கு அதிகாரி அக்காவின் குதி உயர்ந்த செருப்பை அவனுக்கு மாட்டி, உள்ளே துணி திணித்து, "மெதுவா இறங்குடா, ராஜா" என்று அனுப்பினார். ராஜா இரண்டு படி இறங்கினான். மிச்சப் படிகளை உருண்டே கடந்தான்.

அடி ஒன்றும் பெரிதில்லை. செருப்பு பறந்து எங்கோ போய்விட்டது. வீட்டுக்காரம்மா முட்டியைத் தடவிப் பார்த்துச் சொன்னார்:

"எலும்பு வளர்ற வேகத்துக்கு மூட்டு ஈடு கொடுக்கலை. மூணு கரண்டி ஆக்கிடுவோம்."

மகள் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று கிடங்கு அதிகாரி மனத்தைத் தேற்றிக்கொண்டார். ஆனால் இங்கே சாணும் முழமும்தான் பிரச்சினை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரம்மா நல்ல உடுப்பில் மேலே வந்தார்.

"தம்பி, தெருவுல எல்லா அம்மாமார்களையும் கூப்பிடப் போறேன். பையனைச் சுவர்கிட்ட நிறுத்தி நேராவே காட்டப் போறேன். பத்து மணிக்குத் தலைவாரி ரெடியா வைங்க. அவங்க பசங்களுக்கும் கொடுக்கணும்னு கெஞ்சறாங்க."

அவர் படியிறங்கிப் போனார். நான்கு பையன்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாவம்ப்பா, அந்தப் பசங்க," என்றான் கடைக்குட்டி.

அது கிடங்கு அதிகாரிக்குச் சுருக்கென்று தைத்தது. தன் பிள்ளைகளைக் கணக்கிலிருந்து மறைத்தது ஒன்று. ஊர்ப் பிள்ளைகள் வாயில் வேகவைத்த ஷூவை ஊற்றுவது வேறு.

"நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"சொல்லிட்டு?" என்றாள் மனைவி. "இந்த வெயில்ல அஞ்சையும் கூட்டிக்கிட்டு எந்தத் தெருவுல நிக்கறது? எந்த வீட்டுல சேத்துப்பாங்க?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"பொய் சொன்னப்ப என்னைக் கேட்டீங்களா? இப்ப உண்மைக்கு மட்டும் கிளம்பிட்டாரு."

 பிறகு அவளே அவர் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டாள்.

"போங்க. சொல்றதுன்னா நாலு பேர் வர்றதுக்கு முன்னாடி சொல்லுங்க. மானமாவது மிஞ்சட்டும்."

அவர் படியிறங்கினார். பென்சில் கோட்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்காரம்மா தெருவுக்குப் போயிருந்தார். முற்றத்து நிழலில் வீட்டுக்காரர் மட்டும் உட்கார்ந்து, செடிக்குத் தண்ணீர் விடும் குழாயின் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். அவர் பேசி இவர் கேட்டதில்லை. பேச வேண்டியதையெல்லாம் அந்த வீட்டில் அம்மாவே பேசிவிடுவார்.

கேட்பவர் யாராயிருந்தால் என்ன? கிடங்கு அதிகாரி நின்றபடியே கொட்டினார். ஐந்து பிள்ளைகள். ஒரே தான் துணி. மெத்தை. உயரச் செருப்பு.  

"மருந்து ஒண்ணும் பண்ணலை சார். தினம் வேற வேற பையன். அம்மாவோட ஆசையில மண்ணைப் போடறேன். ஆனா ஊர்ப் பசங்களுக்குப் போகக் கூடாது. வீட்டைக் காலி பண்ணிடறோம். ஒரு வாரம் மட்டும் டைம் கொடுங்க. பசங்களுக்கு ஒரு நிழல் பாத்துக்கறேன்."

வீட்டுக்காரர் குழாயைக் கீழே வைத்தார். கைகளைத் துடைத்தார். எழுந்து வாசல்வரை போய், தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். தூரத்தில் பெண்கள் கூட்டமாக வருவது தெரிந்தது. திரும்பி வேகமாக வந்து, கிடங்கு அதிகாரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தை வெளிய விடாதீங்க தம்பி, பையன் நாலு பேருன்னு எனக்கு முதல் நாளே தெரியும், நீங்க வர்ற வரைக்கும் அந்த டானிக்கைத் தினம் மூணு வேளையும் குடிச்சவன் நான்."