சிப்பாய் என்கிற நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வது பற்றி

கவரைப்பேட்டை,
8-2-1975, சனிக்கிழமை.

சேசுவுக்கே புகழ்.

திருவள்ளூர் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன் உத்தியோகம் பார்க்கும் அன்பு மைத்துனர் பாக்கியநாதன் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் ஆசீர்வாதம் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் சுகம், அவ்விடம் உங்கள் சுகத்துக்கு எழுதவும் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் இவ்விடம் சுகம் இல்லை. அவ்விடம் சுகமாகத்தான் இருக்கும். உங்கள் அக்கா ரோசம்மாள் வந்து உட்கார்ந்திருக்கிறாளே, குழம்பு கொதிக்காமலா இருக்கும். இங்கே அடுப்பில் பூனை தூங்குகிறது என்று எழுதலாம் என்றால் நம் வீட்டில் பூனை கிடையாது. நாய்தான் தூங்குகிறது. அந்த நாயைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அக்கா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து மனதுக்குள் படித்துக்கொள்ளவும். அவளுக்கு எழுத்துத் தெரியாது என்றாலும், படிக்கிறவன் முகத்தைப் பார்த்தே பாதி விஷயத்தைத் தெரிந்துகொள்கிறவள்.

நீங்கள் தெற்கே வேலையாக இருந்தபோது இந்தச் சிப்பிப்பாறைக் குட்டியைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். "மாமா, இது சாதாரண நாயி இல்ல. மொயலு பின்னால போனதே தெரியாது. வாயில மொயலோட வந்து நிக்கும்போதுதான் தெரியும்" என்று சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் சிப்பாய் என்று பேர் வைத்து, நான் குடிக்காத பாலை எல்லாம் அதற்கு ஊற்றினேன். வளர்ந்தது, கால் நீண்டது, வயிறு ஒட்டியது, பார்க்கிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என் வாழ்க்கையில் பார்க்க நன்றாக இருக்கிற எதுவும் உருப்படியாக முடிந்ததில்லை.

காணும் பொங்கலன்று ஏரிக்கு அந்தப் பக்கத்துக் காட்டுக்கு ஆண்கள் எல்லோரும் நாய்களோடு பாரிவேட்டைக்குப் போவோம். பிடித்த முயலைப் பொதுவில் வைத்து அறுத்துப் பங்கு போடுவோம். ஆளுக்கு ஒரு பங்கு. முயலைப் பிடித்த நாய்க்குத் தனிப் பங்கு. அது நாய்க்காரன் வீட்டுக்குப் போகும். நாய்ப் பங்கு வாங்கியவன் அடுத்த பொங்கல் வரைக்கும் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கலாம். இந்த வருஷம் அது எனக்குத்தான் என்று கம்பெனி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். போதாததற்கு, காலையிலேயே மசாலா அரைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். உங்கள் அக்காவும் பக்கத்து வீட்டு முத்தம்மாவைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். புதரைத் தட்டியதும் முயல் எழுந்தது, சிப்பாய் பாய்ந்தது. அந்த ஓட்டத்தைப் பார்த்து எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது மச்சான். அடுத்த நிமிஷம் வாயைத் திறந்தது. வள் வள் என்று, காடு முழுக்கக் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு குரைப்பு. பின்னால் நாய் வருகிறது, எவ்வளவு தூரத்தில் வருகிறது, எந்தப் பக்கம் வருகிறது என்று முயலுக்குச் சகல விவரமும் தெரிந்துவிட்டது. அது நிதானமாகத் திரும்பிக் காரைமுள் புதருக்குள் போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. மற்ற நாய்கள் எழுப்பிய முயலுக்கும் இது குறுக்கே ஓடிக் குரைத்து வழி சொல்லி அனுப்பியது. ஓடும்போது நடுநடுவே என் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. எதற்கு என்று அப்போது விளங்கவில்லை.

வேட்டைக்குத் தலைவர் பச்சையப்பன். என் கெட்ட நேரம், கம்பெனியில் எனக்கு மேஸ்திரியும் அவர்தான். "இன்னா ஆசீர்வாதம், நாய இட்டாரச் சொன்னா தமுக்கு அடிக்கிறவன இட்டாந்துகிறே? மொயலு நம்மள பாத்து சிரிச்சிக்கினு போவுது" என்றார். கடைசியில் யாரோ ஒருவருடைய நாய் ஒரே ஒரு முயலைப் பிடித்தது. பங்கு போடும்போது எனக்கு நாய்ப் பங்கு கிடையாது, சரி. ஆள் பங்கையும் பிடித்துக்கொண்டார்கள். நாய் வாயைத் திறந்தால் நாய்க்காரன் வாயில் மண் என்று அங்கேயே ஒரு புதுச் சட்டம் போட்டார்கள். வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன். அரைத்த மசாலாவில் உங்கள் அக்கா உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டாள். முத்தம்மா குழம்பைக் கிளறிக் கிளறிப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். அதைவிட அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மறுநாள் எனக்கு வேலை இல்லை, வீட்டில் இருந்தேன். அன்றுதான் விஷயம் வெளிப்பட்டது. பழவேற்காட்டு நெத்திலியை உங்கள் அக்கா வாசலில் பாய் விரித்துக் காய வைக்கிறாள், சந்தையில் விற்கிறாள், இது புதிதல்ல. காக்கா வந்தால் சிப்பாய் துரத்துகிறது. சத்தம் போடாமல் துரத்தினால் ஒன்றும் கிடையாது. குரைத்துக்கொண்டே துரத்தினால், "அப்பிடித்தான்டா என் ராசா" என்று ஒரு நெத்திலி. நான் கம்பெனியில் இரும்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம் முழுக்க இங்கே இந்தப் பாடம் நடந்திருக்கிறது. துரத்துவது என்றாலே குரைப்பது என்று அதன் ரத்தத்தில் ஊறிவிட்டது. காட்டில் அது திரும்பித் திரும்பிப் பார்த்தது நெத்திலிக்காக! என் சட்டைப் பையில் பீடிதான் இருந்தது.

வேட்டை நாயைக் காக்கா ஓட்ட வைத்தாயே, இது அடுக்குமா என்று கேட்டேன். "வேட்ட வருசத்துக்கு ஒரு நாளு. கருவாடு தெனமும் காயுது. ஊட்ல ஒல கொதிக்கிறது உன் மொயலாலயா, என் கருவாட்டாலயா?" என்றாள். இதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கே வனத்து அந்தோணியார் திருவிழா. ஆடு மாடுகளுக்குச் சாமியார் தீர்த்தம் தெளிப்பார், இதன் வாய்க்கும் ஒரு வழி பிறக்கட்டும் என்று இழுத்துக்கொண்டு போனேன். மந்திரம் சொல்ல ஆரம்பித்ததும் உபதேசியார் வீட்டுக் கோழி ஒன்று குறுக்கே ஓடிற்று. மந்திரம் யாருக்கும் கேட்கவில்லை. அப்புறம் துண்டால் வாயைக் கட்டிப் பார்த்தேன். கட்டோடு போய் மூலையில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் நானே அவிழ்த்துவிட்டேன். கேழ்வரகுக் களியை உருட்டி வாயில் அடைத்துத் துரத்தவிட்டேன். விழுங்கிவிட்டுப் புதுத் தெம்போடு குரைத்தது.

கம்பெனியில் நிலைமை இன்னும் பேஜார். கேட்டுக்குள் நுழைந்தால் உலைப் பக்கமிருந்து ஒருவன் "வள்" என்கிறான். கேன்டீனில் டீ வாங்கினால் இன்னொருவன். அரை நாள் லீவு கேட்டால் மேஸ்திரி, "லீவு நாயிக்கா, உனக்கா?" என்கிறார். எத்தனை நாள் பொறுப்பது? நெல்லூர்ப் பக்கம் லாரி ஓட்டும் அரசப்பனிடம், நாயை ஏற்றிக்கொண்டு போய் நல்ல இடமாகப் பார்த்து விட்டுவிடு என்று சொல்லிவிட்டேன். அவனும் ஒரு காலையில் வந்து கயிற்றைப் பிடித்தான். உங்கள் அக்கா சத்தம் போடவில்லை, அழவில்லை. கையைக் கழுவிக்கொண்டு புடவைப் பையை எடுத்தாள். "நாய லாரில ஏத்து. நான் ரயில்ல ஏறிக்கிறேன்" என்றாள். அரசப்பன் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு லாரியைக் கிளப்பிக்கொண்டு ஓடிவிட்டான். ஆனால் எடுத்த பையைக் கீழே வைக்கும் வழக்கம் உங்கள் குடும்பத்தில் உண்டா? போகும்போது, "சிப்பாயி இங்கியே இருக்கட்டும். அது உன்னெ பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு நடப்பதை எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சோறு ஒரு நாள் கஞ்சியாகிறது, ஒரு நாள் கரியாகிறது. நாயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து அதைத் தின்கிறோம். வாசலில் கருவாட்டுப் பாய் சுருட்டியபடி சாத்தி இருக்கிறது. வேலை விட்டு வந்தால் இவ்வளவு நேரம் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. முன்பெல்லாம் அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்காது. வர்ற புதன்கிழமை விபூதிப் புதன், அப்புறம் தவக்காலம் முழுக்க இறைச்சி கிடையாது. எனக்கென்னவோ தவக்காலம் போன மாசமே ஆரம்பித்துவிட்டது.

ஆகையால் முடிவாகச் சொல்கிறேன். இந்த நாய் உங்கள் நாய். நீங்களே வந்து உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடவும். அங்கே அதற்குக் காக்காவும் கிடைக்கும், ரயிலும் கிடைக்கும், துரத்திக்கொண்டு குரைக்கட்டும். அதற்குப் பதிலாக உங்கள் அக்காவை எனக்குத் திருப்பி அனுப்பவும். நாய் சொந்தத்துக்குள்ளேயே இருப்பதால் அவளுக்கும் வருத்தம் இருக்காது. இந்த விஷயத்தில் என் மனது கல்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் தோத்திரத்தையும் குழந்தைகளுக்கு என் முத்தத்தையும் சொல்லவும். தேவமாதா உங்கள் எல்லோரையும் காப்பாற்றுவாளாக. என்னையும் முடிந்தால்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமா,
ஆசீர்வாதம்

பின்குறிப்பு. ஞாயிறு சாயங்காலம். நேற்று நான் போவதற்குள் தபால் எடுத்துவிட்டார்கள். கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. இன்று பூசை முடிந்து, தவக்காலத்துக்கு முன்னால் கடைசியாக ஒரு முறை என்று எல்லோரும் காட்டுக்குப் போனார்கள். நாயைக் கொண்டுவராதே, வெறுமனே புதர் தட்ட வா என்றார் பச்சையப்பன். சிப்பாய் தானாகவே பின்னால் வந்துவிட்டது. முயல் எழுந்ததும் பாய்ந்தது. இதோ வாயைத் திறக்கப்போகிறது என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். திறக்கவில்லை. ஒரு சத்தம் இல்லை. நீங்கள் அன்று சொன்னீர்களே, அப்படியே போய், வாயில் முயலோடு வந்து, என் காலடியில் போட்டது. என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. "இதாம்பா நாயி! எப்பிடிப்பா வாய அடக்குனே?" என்று பச்சையப்பன் என்னைக் கட்டிக்கொண்டார். ஆள் பங்கும் நாய்ப் பங்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எதை அடக்கினேன்? ரோசம்மாள் போன நாளிலிருந்து அது எதைப் பார்த்தும் குரைக்கவில்லை மச்சான். நான்தான் அதை நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு இறைச்சியை என்ன செய்வது என்று தெரியாமல், உப்புத் தடவி, அவள் பாயையே விரித்து வாசலில் காய வைத்தேன். காக்கா வந்தது. சிப்பாய் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தது. சூ என்றேன், எழுந்திருக்கவில்லை. பானையிலிருந்து ஒரு நெத்திலி எடுத்துப் போட்டேன், மோந்துகூடப் பார்க்கவில்லை. வேறு வழி தெரியாமல் நானே பாயைச் சுற்றி ஓடிக் குரைத்தேன். வாய்விட்டு, வள் வள் என்று. காக்கா போய்விட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் முத்தம்மா பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். சிப்பாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

ஆகையால் நாயை எடுத்துப்போக வர வேண்டாம். மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, இதை மட்டும் அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டவும். எனக்காக வர வேண்டாம், நாய்க்காக வரட்டும். மசாலா நானே அரைக்கிறேன். புதன்கிழமைக்குள் வந்தால் குழம்பு வைக்கலாம்; பிந்தினாலும் பரவாயில்லை, வந்தால் போதும். நாளைக் காலையிலும் காக்கா வரும். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.