ரிப்போர்ட் ஏன் இன்னும் திறக்கவில்லை என்றால்...

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நீயும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள், மாமாவின் முழங்கால் இப்போது படியேற ஒத்துழைக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதனால் நலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று போனில் நீ, "என்னடா, ஒரு ரிப்போர்ட்டத் திறந்து பாத்துச் சொல்ல உனக்கு இவ்வளவு நாளா? கம்ப்யூட்டர் சரியில்ல, கம்ப்யூட்டர் சரியில்லன்னு இதையே எத்தன தடவ சொல்லுவ?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். நான் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் உன் தம்பி பெண்டாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ரிப்போர்ட்டைப் பற்றி அவள் காதுபடப் பேச எனக்குத் தைரியம் போதவில்லை. மின்னஞ்சலில் எழுதலாம் என்றால் அதுவும் அந்தப் பாழாய்ப்போன பிரவுசர் வழியாகத்தான் போயாக வேண்டும். ஆகவே காகிதத்தில், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

அவள் கழுத்துப் பக்கம் ஒரு கட்டி இருப்பது உனக்குத் தெரியும். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு ஒரு பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பரிசோதனை நிலையத்தில் ஊசியால் குத்திக் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்தார்கள். முடிவு எங்கள் வலைத்தளத்தில் வரும், இந்த அம்மாவின் போனுக்கு ஓர் எண் அனுப்புவோம், அதைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பணம் வாங்குகிற இடத்தில் இருந்த பெண் என் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "சார், ரொம்பப் பழைய பிரவுசர்ல எங்க சைட் திறக்காது. வீட்டுக்குப் போனதும் அப்டேட் பண்ணிக்கோங்க" என்றாள். நல்ல பெண்தான். ஆனால் என் நிம்மதிக்கு அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

எண் வந்ததும் இவள் போனை நீட்டி, "இதுலயே பாத்துடலாமே" என்றாள். நான் ஒரே போடாகப் போட்டேன். போனில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், ஒரு வார்த்தை கண்ணில் படாமல் போனாலும் அர்த்தமே தலைகீழாகிவிடும், இதையெல்லாம் பெரிய திரையில் முறைப்படிதான் பார்க்க வேண்டும், நீ எதையும் தொடாதே, நான் பார்த்துச் சொல்கிறேன் என்று எண்ணை மட்டும் குறித்துக்கொண்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சரி, பாருங்க" என்று போய்விட்டாள்.

அக்கா, நான் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆலை ஆலையாகப் போய்க் கொதிகலன்களைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவன். நீராவி சீறும்போது முதலாளிமார் வாசல் பக்கம் நகர்வார்கள், நான் அழுத்தமானியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பதைத் தேவையில்லாமல் திறக்காதே. அந்த விதிப்படிதான் என் பழைய பிரவுசரை வைத்திருந்தேன். அது தினமும் காலையில் 'புதிய பதிப்பு தயார்' என்று கேட்கும். நான் 'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்துவேன். மறுநாள் மறக்காமல் நினைவூட்டும். இப்படி எத்தனையோ வருஷம் நாங்கள் ஒருவருக்கொருவர் தொந்தரவில்லாமல் குடித்தனம் நடத்தினோம்.

அதை இப்போது திறக்க வேண்டியதாகிவிட்டது. 'புதுப்பி' என்று அழுத்தினேன். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. ஆபத்தில்லாத காரியத்துக்கு யாராவது அப்படிக் கேட்பார்களா? வேர்த்துவிட்டது. ஆமாம் என்றேன். ஒரு பச்சைக் கோடு கிடுகிடுவென்று ஓடி, முடிகிற இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் போய் நின்றுகொண்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்து கதவோரமாகப் போய் நின்றேன். வெடிக்கும் என்று நினைத்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய், ஆனால் பழக்கம் போகுமா? திடீரென்று திரை கறுத்தது, கம்ப்யூட்டர் தானாகவே அணைந்து தானாகவே எழுந்தது. யாரைக் கேட்டு அணைந்தாய், யாரைக் கேட்டு எழுந்தாய் என்று வாய்விட்டே கேட்டேன். உள்ளேயிருந்து இவள், "யாருங்க வந்திருக்கா?" என்றாள்.

எழுந்ததும் பார்த்தால் பழைய வீட்டில் யாரோ புகுந்து சாமான்களையெல்லாம் இடம் மாற்றி வைத்த மாதிரி இருந்தது. பின்னால் போகும் அம்புக்குறி வேறு இடத்தில், நான் சேமித்து வைத்த பக்கங்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை. கடவுச்சொற்களை எல்லாம் பழையது நினைவில் வைத்திருந்தது என்ற நம்பிக்கையில் நான் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. புதியதுக்கோ என்னை அடையாளமே தெரியவில்லை. 'வருக, உங்களை அறிந்துகொள்ளலாமா?' என்றது. உங்கள் இருப்பிடத்தைத் தெரிந்துகொள்ளலாமா, உங்கள் மைக் வழியாகக் கேட்கலாமா, உங்களுக்கு அறிவிப்புகள் அனுப்பலாமா என்று வரிசையாகக் கேட்டது. உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றேன். அப்போதிருந்து பிரிண்டர் வேலை செய்யவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்காதே, எனக்குக் கேட்கவே பயம். மின்கட்டணப் பக்கத்துக்குப் போனால் அது, உங்கள் பிரவுசர் எங்களுக்கு மிகவும் புதியது, பழைய பதிப்பில் வாருங்கள் என்கிறது! ஒருத்தன் பழசு வேண்டாம் என்கிறான், இன்னொருத்தன் புதுசு வேண்டாம் என்கிறான், நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

இதைவிடக் கொடுமை, முன்பக்கத்தில் 'உங்களுக்காகத் தேர்ந்தெடுத்தவை' என்று செய்திகள் போடுகிறது. முந்தின வாரம் நான் கட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் தேடினேன், அவ்வளவுதான். அதிலிருந்து திறந்தால் கட்டி, மூடினால் கட்டி. ஒரு பக்கம் அறுவை சிகிச்சை விளம்பரம், இன்னொரு பக்கம் ஆயுள் காப்பீடு, ஒரு கிழவர் தனியாக பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற படம். இவள் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் திரை மேல் துண்டைப் போட்டு மூடுகிறேன். "கம்ப்யூட்டருக்குக் குளிருதா?" என்று கேட்டாள். நான் தூசி என்றேன்.

எப்படியோ பரிசோதனை நிலையத்தின் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். உள்ளே விடுவதற்கு முன் நான் இயந்திரம் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமாம். படங்களைக் காட்டி, புகைபோக்கி இருப்பவற்றைத் தேர்ந்தெடு என்றது. அக்கா, புகைபோக்கி! என்னிடம்! ஒரு படத்தில் இருந்தது சமையலறைக் காற்றுக் குழாய், அதைப் புகைபோக்கி என்று சொன்னால் நான் போட்ட கையெழுத்துகளுக்கு என்ன மரியாதை? இன்னொன்றில் சுவர் மட்டும்தான் தெரிந்தது, ஆனால் அந்தக் கரிப் படிவைப் பார்த்தால் மேலே புகைபோக்கி இருந்தே தீர வேண்டும். தொழில் சுத்தமாகத் தேர்ந்தெடுத்தேன். 'தவறு, மறுபடி முயலுங்கள்' என்றது. மறுபடியும் சுத்தமாகத் தேர்ந்தெடுத்தேன். கடைசியில் என்னை இயந்திரம் என்றே தீர்மானித்துக் கதவைச் சாத்திவிட்டது.

நான் சும்மா இருந்துவிடவில்லை. தெருமுனையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறவரை வரவழைத்தேன். மனிதர் உட்கார்ந்தார், காற்றுக் குழாயைப் புகைபோக்கி என்று கூசாமல் பொய் சொன்னார், அது உடனே நம்பி உள்ளே விட்டுவிட்டது. எண்ணைப் போடுகிற கட்டம் வந்தது. "நம்பர் சொல்லுங்க சார், போட்டுடலாம்" என்றார். அந்நிய மனிதர் முன்னால் குடும்ப விஷயத்தைத் திறக்கலாமா? "இருக்கட்டும், நான் அப்புறம் பாத்துக்கறேன், நீங்க டீ சாப்பிடுங்க" என்றேன். "சார், உங்க சிஸ்டத்துல ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார். அந்த ஆளுக்கு இன்னும் அனுபவம் போதாது. அவர் போனதும் எண்ணைப் போட்டேன். ஒரு சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் எதற்கும் இருக்கட்டும் என்று மின்சாரத்தையே நிறுத்திவிட்டேன். அழுத்தம் ஏறும்போது முதலில் நெருப்பை நிறுத்த வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம்.

இதற்கிடையில் இவள் போக்கு எனக்குப் பிடிபடவில்லை. நிம்மதியாகத் தூங்குகிறாள், பாட்டு முணுமுணுக்கிறாள். போன வாரம் அலமாரியைக் காலி செய்து பழைய துணிகளை எல்லாம் கொடுத்துவிட்டாள். நேற்று என்னைக் கூப்பிட்டுத் துணி துவைக்கிற மெஷினை எப்படிப் போடுவது என்று காட்டி, "இதெல்லாம் நீங்களும் தெரிஞ்சு வெச்சுக்கணும்" என்றாள். நான் தலையாட்டிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன், சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று. அக்கா, அவள் இல்லாமல் எனக்கு இந்த வீட்டில் எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாது.

ஆகவே நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இந்தப் பதிப்பில் ஏதோ கோளாறு இருக்கிறது. அடுத்த பதிப்பு வரட்டும், அதில் சரிசெய்திருப்பார்கள், அப்போது திறந்து பார்த்து முதல் வேலையாக உனக்குச் சொல்கிறேன். அதுவரை போனில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதே. கம்ப்யூட்டரைத் தனியாக விட்டுவிட்டு நான் வெளியே போக முடியாததால் இந்தக் கடிதத்தை ஒட்டித் தபாலில் போட இவளிடமே கொடுக்கிறேன். பயப்படாதே, கல்யாணமான நாளிலிருந்து நான் எழுதிய எதையும் அவள் படித்ததில்லை.

மாமாவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். நீ திட்டுவதற்கு நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உன் தம்பி.

பி.கு.: அண்ணி, வணக்கம், இது நான். ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை, இன்று காலையில் இவர் குளிக்கப் போயிருந்தபோது நானே அதில் மின்கட்டணம் கட்டினேன். ரிப்போர்ட்டை எண் வந்த அன்றைக்கே என் போனில் பார்த்தாயிற்று. வெறும் கொழுப்புக் கட்டி. கடைக்குப் போகிற மாதிரி போய் டாக்டரிடமும் காட்டிவிட்டேன், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார். இவரிடம் நான் சொன்னால் நம்ப மாட்டார், தான் பயந்துவிடுவோம் என்று நான் உண்மையை மறைப்பதாகத்தான் நினைப்பார். அவரே கண்ணால் படிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. அதை நான் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்துதான் திறந்தேன். பக்கத்தில் இவர் இருந்தால் தேவலை என்று இருந்தது. இவர் உள்ளே பிரவுசரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, அண்ணி. ஆறியதும் நானே உட்கார வைத்துத் திறந்து காட்டுகிறேன். அதுவரை நீங்கள் எப்போதும் போலப் போனில் திட்டிக்கொண்டிருங்கள்.