ஜெலுத்தோங் வீடும் சோதனை எலியும்

நேத்து ஜெலுத்தோங்ல ஒரு வாடகை வீடு பாக்கப் போனேன்.

அவ்வளவுதான் வேலை. வீட்டைப் பாக்கணும், வீட்டுக்காரம்மாகிட்ட நல்லபடியா நாலு வார்த்தை பேசணும், திரும்பி வரணும்.

இப்ப நாங்க இருக்கிறது நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. என் பொண்டாட்டி ரீத்தா மாசமா இருக்கா. ஒவ்வொரு மாடியிலயும் நின்னு மூச்சு வாங்கிட்டு, என்னை ஒரு பார்வை பாத்துட்டுத்தான் மேல ஏறுவா. அந்தப் பார்வைக்குப் பயந்தே எனக்கு ஒரு தரை வீடு வேணும்.

இந்த வீடு தரை வீடு. வாடகையும் எங்களுக்குக் கட்டுப்படியாகும். கிளம்பும்போதே ரீத்தா சொன்னா, "அந்தம்மா தமிழ்ப்பள்ளி டீச்சரா இருந்தவங்க. அவங்க சொல்றதைக் கேட்டுக்குங்க. நீங்களா எதையும் உளறிக் கொட்டாதீங்க."

வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்! ஆனா என் மண்டைக்குள்ள சேகர் அண்ணே உக்காந்திருந்தாரு.

சேகர் அண்ணே பிறைங்கிற ஊர்ல இருக்கிற எங்க பேக்டரி ஸ்டோர்ல வேலை செய்றவரு. உலக ரகசியம் எல்லாம் அவருக்குத்தான் முதல்ல தெரியும். ஒரு நாள் கேண்டீன்ல பசியாறும்போது ஆரம்பிச்சாரு.

"தம்பி, ஒரே வீட்டுல ஆளுங்களைப் பூட்டி வச்சு டிவியில காட்டுறான்ல, அது பொழுதுபோக்குன்னு நினைக்கிறியா? ஆராய்ச்சி லா! ஒரு குரல் சொன்னா மனுசன் எவ்வளவு தூரம் கேப்பான்னு பாக்குறான். அடுத்து டிவியே இல்லாம செய்வான். உன்கிட்ட சொல்லவே மாட்டான்."

"சும்மா இருங்கண்ணே"ன்னு சிரிச்சேன். அடுத்த லீவு நாள் பூரா அதே மாதிரி வீடியோவாத் தேடித் தேடிப் பாத்தேன்.

சரி, ஜெலுத்தோங்குக்கு வருவோம். மோட்டார் சைக்கிளை நிறுத்திட்டு உள்ள போனா காலி வீடு. ஹால் மூலையில ஒரு வெள்ளை கேமரா. பக்கத்துல மலாய்ல ஸ்டிக்கர்: சிரிங்க, உங்களைப் பதிவு செய்றோம். கடையில எல்லாம் பாக்குற ஸ்டிக்கர்தான். நானும் சிரிச்சு வச்சேன்.

ஒரு அக்கா டேப்பை வச்சு ஜன்னலை அளந்துக்கிட்டு இருந்தாங்க. அவங்களும் இந்த வீட்டுக்குத்தான் வந்திருக்காங்க.

திடீர்னு கேமராவுக்குள்ளேர்ந்து ஒரு குரல்! "ரெண்டு பேரும் ஹால் நடுவுல வந்து நில்லுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"நான் கெப்பாலா பத்தாஸ்ல இருக்கேன். முட்டி வலி, கடல் பாலம் தாண்டி வர முடியலை. இதுலயே பேசிக்கலாம்."

புத்தி உள்ளவனுக்கு இந்த விளக்கம் போதும். எனக்குப் போதலை.

"தம்பி, கிச்சன் லைட் எரியுது பாருங்க. அணைங்க." அணைச்சேன்.

"ஃபேனைப் போடுங்க." போட்டேன்.

"ஜன்னலைத் திறங்க." திறந்தேன். "வேணாம், மூடிடுங்க." மூடினேன்.

அப்பத்தான் சுருக்குன்னுச்சு. மெதுவா அந்த அக்காகிட்ட கேட்டேன், "அக்கா, இந்தக் குரல் மேல உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

"இல்லையே தம்பி, தெளிவாத்தானே கேக்குது?"

அடேங்கப்பா, என்னா நடிப்புன்னு நினைச்சுக்கிட்டேன்.

கேமராவையே கேட்டுட்டேன். "டீச்சர், லைட்டு, ஃபேனு, ஜன்னலு... எதுக்கு இதெல்லாம்?"

"ஒன்னுமில்ல தம்பி. சும்மா ஒரு சோதனை."

சோதனை!

நம்ம ஊருல பள்ளிக்கூடப் பரீட்சைக்கும் சோதனைதான், ரத்தம் எடுத்துப் பாக்குறதுக்கும் சோதனைதான். டீச்சர் வேலை பாத்தவங்க வாயில வேற என்ன வரும்? இதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு தோணுச்சு. அந்த நேரத்துல தோணலை.

"ரெண்டு பேருல ஒருத்தருக்குத்தான் வீடு," குரல் சொல்லுச்சு. "நான் பாத்து முடிவு பண்றேன்."

எனக்கு எல்லாம் விளங்கிருச்சு. சொன்னபடி கேக்குறவன் தோப்பான், எதிர்த்து நிக்கிறவன்தான் ஜெயிப்பான்! ரீத்தாவுக்காக, பொறக்கப் போற பிள்ளைக்காக, கேமராவை நோக்கி விரலை நீட்டி அடிவயித்துலேர்ந்து கத்துனேன்.

"போதும், நிறுத்துங்க! நான் உங்க சோதனை எலி இல்ல!"

லைன் மோசம் போலிருக்கு. கெப்பாலா பத்தாஸ் போய்ச் சேந்தது ஒரே ஒரு சொல்தான்.

"எலியா? என் வீட்டுலயா? எங்க?"

அக்கா கையிலேர்ந்து டேப் விழுந்துச்சு. "எலியா!"

"இல்லக்கா, அந்த எலி இல்ல. நான்தான் எலி. அதாவது, நான் எலி இல்லன்னு..."

அதுக்குள்ள அக்கா வாசலுக்குப் போயிட்டாங்க. "எனக்கு எலின்னா ஆகவே ஆகாது தம்பி. வீட்டை நீங்களே எடுத்துக்குங்க லா!" செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு ஓடிப்போய் காடியில ஏறி, காரைக் கிளப்பிட்டாங்க.

நடிக்கிறவங்க இப்படி ஓட மாட்டாங்க. அப்பத்தான் எனக்கு வேர்க்க ஆரம்பிச்சுது.

டீச்சர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். சேகர் அண்ணே, ஆராய்ச்சி, வீடியோ, ஒன்னு விடலை.

"தம்பி."

"சொல்லுங்க டீச்சர்."

"பூட்டி வச்ச வீட்டுல பைப்பைத் திருடிட்டுப் போயிட்டான்னு இந்தக் கேமராவை மாட்டினேன். வெளிச்சத்துல ஆளு முகம் தெரியுதா, ஃபேன் சத்தத்துல பேச்சு கேக்குதான்னு பாத்தேன். ஆமா, நீங்க என்ன வேலை செய்றீங்க?"

"பேக்டரியில டீச்சர். தரக் கட்டுப்பாடு."

"ம்..."

அவமானம் புடுங்கித் தின்னுச்சு. எங்க வீட்டு மாடிப்படியில நின்னு நின்னு ஏறினேன், ரீத்தாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே.

கதவைத் திறந்தா ரீத்தா சிரிக்கிறா! கண்ணுல தண்ணி வேற.

"டீச்சர் இப்பதான் போன் பண்ணாங்க. இன்னொருத்தவங்க வேணாம்னுட்டாங்களாம். வீடு எனக்குத்தானாம்!"

எனக்கு உசுரே திரும்பி வந்துச்சு. அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். "நமக்குன்னுதானே சொன்னாங்க?"

"இல்லங்க. எனக்குன்னுதான் சொன்னாங்க. உங்களைப் பத்தி யோசிச்சுச் சொல்றாங்களாம்."

அடுத்த மாசம் ரீத்தா வீடு மாறுறா. எனக்கு இன்னும் பதில் வரலை.