நாக்கு ருசி பார்த்த பெங்களூர் பீர்

நாக்கை வைத்துப் பிழைப்பவர்கள் நாட்டில் நிறையப் பேர் உண்டு. வக்கீல், கல்யாணத் தரகர், மேடைப் பேச்சாளர். ஆனால் வேலை செய்யாத நாக்கை வைத்துக்கொண்டு மாதாமாதம் சம்பளம் வாங்கியவர் உலகத்திலேயே ஒருவர்தான். நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு புளி மண்டியில் இருந்தார். அவருக்குப் பெயர் இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'நாக்கு'.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய நான், அந்த மண்டியில் மூட்டை தூக்கச் சேர்ந்தேன். படுக்கை புளிச் சாக்கின் மேல். விடியும் முன்பே எறும்புகள் எழுப்பிவிடும். வேலைக்குத் தாமதமாக வந்தேன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

விவசாயிகள் கொண்டுவரும் புளியில் ஒரு கிள்ளு வாயில் போட்டு, கண்ணை மூடி, "இது இண்டூர்ப் பக்கத்து மரம். ரசத்துக்கு ஆகும், வத்தக்குழம்புக்கு ஆகாது" என்று சொல்வதுதான் நாக்கின் உத்தியோகம். அவர் சொல்வதுதான் தரம். முதலாளி அவரிடம் மரியாதையாகப் பேசுவார். வேறு யாரிடமும் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை, கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த சாமி படம் உட்பட.

பிறகு கொரோனா வந்தது. மனிதர் பிழைத்துக்கொண்டார், நாக்கு செத்துவிட்டது. ருசியும் தெரியவில்லை, வாசனையும் தெரியவில்லை. ஒருநாள் டீயில் சர்க்கரை என்று நினைத்து உப்பைப் போட்டுக் கலக்கி, "நல்லா ஸ்ட்ராங்கா இருக்குது" என்று கடைசிச் சொட்டுவரை குடித்தார். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"வெளிய சொல்லிராதப்பா. தெரிஞ்சா மொதலாளி நாளைக்கே வூட்டுக்குப் போன்னுருவாரு. இந்த வயசுல என்னால மூட்டை தூக்க முடியுமா?"

"அப்ப எப்படிண்ணா தரம் சொல்லுவீங்க?"

"நீ தின்னு. நான் உன் மூஞ்சியப் பாத்துக்கறேன்."

அன்றே என் முகம் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தது. "மருந்து கிருந்து அடிச்சிருக்கப் போறாங்க, மொதல்ல நீ பாரு" என்று சாக்குச் சொல்லி எனக்கு ஒரு கிள்ளு கொடுப்பார். என் உயிர் போனால் பரவாயில்லை என்பதில் மண்டியில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எனக்கு ஒரு கண் மூடினால் சுமார். இரண்டு கண்ணும் மூடினால் முதல் தரம். காது அசைந்தால் பழைய சரக்கு. ஒரு மூட்டைகூடத் திரும்பி வரவில்லை. என் பல்தான் கூசிப்போய், வெறும் சோற்றைக்கூட மெல்ல முடியாமல் விழுங்கினேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது பெங்களூரிலிருந்து காரில் ஒரு தாடிக்கார இளைஞர் வந்தார். சொந்தமாக பீர் காய்ச்சுகிறவர். அவர் கொண்டுவந்த பாட்டிலில் இருந்தது 'ஃபார்ம்ஹவுஸ் ஏல்' என்றார்.

"அந்தக் காலத்துல வெளிநாட்டுப் பண்ணையில வேலை செய்யறவங்களுக்காகக் காய்ச்சினதுங்க."

அங்கே கூலியாளுக்கு ஊற்றிக் கொடுத்ததை இங்கே கார் வைத்திருப்பவர்கள் குடிக்கிறார்கள். நம் ஊர்க் கூழுக்கு இந்த யோகம் எப்போது வருமோ தெரியவில்லை.

அதில் புளி சேர்த்துக் காய்ச்ச வேண்டும் என்பது அவருடைய ஆசை. நாக்கு குடித்துப் பார்த்து, எந்தப் புளி சேரும் என்று சொன்னால், கிடங்கில் விற்காமல் கிடக்கும் அத்தனை மூட்டையும் எடுத்துக்கொள்வாராம். முதலாளி தன் துண்டாலேயே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

டம்ளரில் மஞ்சளாக, கலங்கலாக, ஒரு விரல் நுரையோடு இறங்கியது. நாக்கு வழக்கம்போல என் பக்கம் நீட்டினார்.

"மொதல்ல நீ பாருப்பா."

முதலாளி குறுக்கே கையை நீட்டினார். "அவன் குடிச்சா மூட்டைய யாருங்க ஏத்தறது? நீங்க குடிங்க."

நாக்கு என் முகத்தைப் பார்த்தார். அதில் பயத்தைத் தவிர ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். மறுபடி ஒரு வாய். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"எப்படிங்க இருக்குது?" என்றார் தாடிக்காரர்.

"கசக்குதுங்க."

முதலாளியின் முகம் கசந்தது. தாடிக்காரர், "கசப்புக்குன்னு ஒரு பூ போடுவோங்க" என்று ஆரம்பித்தார்.

நாக்கு விடவில்லை. "நல்லாவே கசக்குதுங்க. அடியில ஒரு வாடை வருது பாருங்க, மழையில நனைஞ்ச வைக்கோலு. அப்புறம் மாட்டுக் கொட்டாயி. ஆமாங்க, கழுவாத மாட்டுக் கொட்டாயி."

"அவரு தமாசுக்குச் சொல்றாருங்க" என்று முதலாளி பதறினார்.

தாடிக்காரர் எழுந்து நாக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த வாசனை வரணும்னு ரெண்டு வருஷமா பாடுபடறேங்க. பெங்களூர்ல ஒருத்தனும் சொல்லலை."

மாட்டுக் கொட்டகை வாசனைக்கு இரண்டு வருஷம் பாடுபட்டவரை அன்றுதான் பார்த்தேன். எங்கள் தெருவில் அது இலவசம்.

எந்தப் புளி என்று கேட்டதற்கு, நாக்கு கைக்கு எட்டிய மூட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். எல்லா மூட்டையும் விற்றது. லாரிக்குச் சொல்லிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது நாக்கு சாக்குகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். வாயில் ஒரு துண்டுப் புளி. சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"புளிக்குதாண்ணா?"

"புளிக்குதுப்பா."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே முதலாளி என்னைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தார். நாக்கு அந்தத் துண்டைத் தின்று முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.